பதின்மூன்று பலகைகளும் ஒரு சுத்தியலும்

கடல் கடந்த அமெரிக்காவில், ராஜாவின் கப்பலோடு சண்டை போட்டுப் பிய்த்துக்கொண்டு வந்த பதின்மூன்று பலகைகள் ஒரு காலத்தில் ஒன்றுகூடிப் பீப்பாயாக நின்றன. முதலில் கயிற்றால் கட்டிக்கொண்டு பார்த்தன. தண்ணீர் ஒழுகோ ஒழுகென்று ஒழுகியது. கோடை முழுக்க ஊரே நம்பியிருந்தது அந்தத் தண்ணீரைத்தான். வேறு வழியில்லாமல் இரும்பு வளையம் ஒன்றைப் போட்டுக்கொண்டன.

அன்றோடு புகையிலைச் சீமையிலிருந்து வந்த தெற்குப் பலகைக்குத் தூக்கம் போயிற்று.

"கயிறுன்னா அவிழ்த்துக்கலாம். இது இரும்பு! ஒரு ராஜாகிட்ட தப்பிச்சு வந்து, இன்னொரு ராஜாவை இடுப்பில் கட்டிக்கிட்டோமே, நமக்கு மூளை இருக்கா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் ராஜாதான்," என்றது துறைமுகத்து வடக்குப் பலகை. "இன்னும் நாலு தட்டு தட்டி இறுக்கணும். அப்பதான் சொட்டு வீணாகாது."

"படுக்க இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு தெரியாதா? அப்புறம் மூச்சுவிடக்கூட வளையத்தைக் கேட்கணும்!"

இறுக்குகிற கட்சி, தளர்த்துகிற கட்சி என்று பீப்பாய் இரண்டுபட்டது. வளையம் லேசாக முனகினாலும் தெற்குப் பலகை காதைத் தீட்டிக்கொண்டது. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தன. வளையத்தைத் தட்டி இறுக்கும் சுத்தியலுக்கு உத்தரவு போட ஒரு பலகையைத் தேர்ந்தெடுப்பது; அந்தப் பலகையும் எல்லோரையும் கேட்காமல் தட்டச் சொல்லக் கூடாது. தேர்தலில் தெற்குப் பலகையே ஜெயித்தது.

"என் காலத்தில் சுத்தியல் தூங்கும்!" என்று மார்தட்டியது.

வந்ததே கோடை! வெயிலில் பலகைகள் காய்ந்து சுருங்கின. தெற்குப் பலகையின் ஓரத்திலேயே இடைவெளி கண்டு, தண்ணீர் தாரையாக இறங்கியது. எல்லோரையும் கூட்டிப் பேசி முடிப்பதற்குள் பீப்பாய் காலியாகிவிடும். தெற்குப் பலகை அக்கம்பக்கம் பார்த்தது.

"தட்டு," என்று சுத்தியலின் காதோடு சொன்னது.

டங்! ஒழுக்கு நின்றது.

வடக்குப் பலகை விசுக்கென்று திரும்பியது. "யாரைக் கேட்டுத் தட்டச் சொன்னே?"

"தண்ணி போகுதேன்னு..."

"நான் இறுக்கச் சொன்னா கொடுமை, நீ இறுக்கினா தர்மமா? இனிமே வளையத்தை இல்லை, உன்னைத்தான் கண்கொத்திப் பாம்பா கவனிக்கணும்."

தெற்குப் பலகைக்குச் சுருக்கென்றது. சண்டைக்குத்தான் வாயெடுத்தது. ஆனால் குரல் இறங்கிப்போயிற்று.

"கவனி அப்பா, நல்லாக் கவனி. தண்ணி நின்னதுக்கு அப்புறமும் இன்னொரு தட்டு தட்டச் சொல்ல எனக்கு ஆசையா இருந்துது."