புகையில்லாக் காளவாய்

இந்தக் கதை நான் கேள்விப்பட்டதுதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

முன்னொரு காலத்தில் முல்லைப்பாடி நாட்டை வெண்குடைவேள் என்றொரு மன்னன் ஆண்டான். மாளிகை கட்டுவதில் அவனுக்குப் பைத்தியம். மாளிகைக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு சுடக் காளவாய் வேண்டும். காளவாய்ப் புகையில் தலைநகரமே இருமியது. "புகையே வராத காளவாய் கட்டும்" என்று கட்டுமான அதிகாரி கரியமாணிக்கத்திடம் பத்தாயிரம் பொன்னை முதலாகக் கொடுத்தான் மன்னன். சில மாதங்களில் நகரத்து வானம் பளிச்சென்று ஆனது.

ஒருநாள் கீழ்நாட்டு உழவச்சி பேச்சியாயி அவைக்கு வந்தாள். "சாமி, எங்க ஊர்ல பகல்லயே விளக்கு ஏத்துறோம். புகையில நெல்லுப்பூ கருகிப்போச்சு!"

கரியமாணிக்கம் சிரித்தார். "வேந்தே, புதுக் காளவாய்கள் கீழ்நாட்டில்தான் இருக்கின்றன. மூன்று முறை ஆளனுப்பிப் பார்த்தீர்களே, புகை இருந்ததா?"

"இல்லை!" மன்னனுக்குக் கோபம் பொங்கியது. "பொய் சொன்ன ஊரின் நிலத்தைப் பறித்து, அங்கேயே இன்னும் இருபது காளவாய் கட்டும்!"

மந்திரி உலகுடையாருக்கு அந்த மூன்று முறைதான் உறுத்தியது. ஆள் போகும் நாளை மூன்று முறையும் முன்கூட்டியே சொல்லியனுப்பியவர் கரியமாணிக்கம். விருந்தாளி வரும் நாள் தெரிந்தால் எந்த வீடும் பெருக்கித்தான் இருக்கும். ஆனால் வாய்திறந்தால் பொறாமை என்பார்கள்.

"வேந்தே, ஐந்து நாள் பொறுங்கள். சாட்சி கொண்டுவருகிறேன்."

"யாரை மிரட்டிக் கூட்டிவருவீரோ!" என்றார் கரியமாணிக்கம்.

"மிரட்டினாலும் பயப்படாத சாட்சி ஐயா."

ஐந்தாம் நாள் இரண்டு மாட்டுக்கொட்டகைக் கூரைகள் அவைக்கு வந்தன. ஒன்று தலைநகரத்துடையது, மற்றொன்று கீழ்நாட்டுடையது. இரண்டிலும் போன வருட ஓலைமேல் இந்த வருட ஓலை வேய்ந்திருந்தது. மன்னன் விரலால் தேய்த்துப் பார்த்தான். நகரத்துக் கூரையில் மேலோலை சுத்தம், அடியோலையில் கரி. கீழ்நாட்டில் அடியோலை சுத்தம். மேலோலையில் இரண்டு மடங்கு கரி.

"கொசுவுக்கு மூட்டம் போட்டிருப்பார்கள்!" என்று பதறினார் கரியமாணிக்கம்.

"மூட்டப்புகை உள்ளிருந்து எழும்பும், கூரையின் உட்பக்கத்தில் படியும். இது வானத்தைப் பார்த்த பக்கம்" என்றார் உலகுடையார். "வேந்தே, தாங்கள் கொடுத்த பொன் காளவாயை மாற்றவில்லை, ஊரை மாற்றியிருக்கிறது. புகையும் குறையவில்லை, கூடியிருக்கிறது."

மன்னன் தன் கரி படிந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச்சியாயி, உன் நிலம் உன்னுடையது. மந்திரியாரே, மீதிப் பொன் இனி உம் பொறுப்பு. சொல்லாமல் போய்ப் பாரும். கரியமாணிக்கம், காளவாய்க்குப் பக்கத்தில் உமக்கொரு குடிசை. கூரையில் கரி படியாத வருடம் நீர் திரும்பி வரலாம்!"

"அதுக்கு ஓலை நான் தர்றேன் சாமி" என்றாள் பேச்சியாயி.

பிறகு கூரை வேய்கிறவர் ஒருவரிடம் விசாரித்தேன். பழைய ஓலையைப் பிரித்தெறிந்துவிட்டு வேய்வதும் உண்டாம், பிரிக்காமல் அதன்மேலேயே வேய்வதும் உண்டாம். அந்த வருடம் கீழ்நாட்டில் பிரித்திருந்தால், நிலம் போயிருக்கும்.