சார் போன்ல பறக்கும்

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெனசீர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். மலைக்கிராமங்களுக்குப் போகும் நர்சுகளுக்காக, ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடக்கூடிய ஒரே ஆப்பை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளின் தடுப்பூசி விவரங்களைப் போனிலேயே சேமிக்க இரண்டு டேட்டாபேஸ்களைச் சோதித்தார்கள். தலைமைப் பொறியாளர் கோதண்டம் தேர்ந்தெடுத்தது அவருடைய புது ஐபோனில் பறந்தது. நர்சுகளிடம் இருக்கும் மலிவான ஆண்ட்ராய்டில் திணறியது. பெனசீர் அதை அவரிடமே சொன்னாள்.

"நாளைக்கு மீட்டிங்ல என்னுடையதுதான் வேகம்னு நீயே சொல்லணும். இல்லேன்னா இனிமே வராதே" என்றார் அவர்.

பொய் சொன்னால் நர்சுகள் மலையில் தவிப்பார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

மீட்டிங்குக்கு வந்த தலைமை நர்ஸ் ரோசலின், "ரெண்டுல எதும்மா வேகம்?" என்று கேட்டார். கோதண்டம் பெனசீரை முறைத்தார்.

"சார் தேர்ந்தெடுத்ததுதான் மேடம்" என்றாள் அவள். "சார் போன்ல பறக்கும். உங்க நர்சுங்க எல்லாருக்கும் அதே மாதிரி போன் வாங்கிக் கொடுத்துட்டா போதும்."

ரோசலின் தன் பழைய ஆண்ட்ராய்டை நீட்டினார். "எங்ககிட்ட இருக்கறது இதுதான். இதுல காட்டுங்க சார்."

கோதண்டம் ஆப்பை ஏற்றித் திறந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட்வொர்க் சரியில்லை" என்றார் அவர்.

"மலையில நெட்வொர்க்கே கிடையாதே சார்" என்ற ரோசலின், பெனசீர் பக்கம் திரும்பினார். "நீ இன்னொண்ணைக் காட்டும்மா."

பெனசீர் அதே போனில் மற்றதை ஏற்றித் திறந்தாள். குழந்தைகளின் பெயர்கள் உடனே வந்து நின்றன.

"இதையே வெச்சுக்கறோம்" என்று ரோசலின் எழுந்தார். "ஆப் முடியற வரைக்கும் இந்தப் பொண்ணுகிட்டதான் பேசுவோம் சார்."