தொலி அள்ளும் பக்கெட்

கடலை மில் முதலாளி நல்லபெருமாள், முன்னால் அள்ளும் பக்கெட் மாட்டிய டிராக்டரோடு வந்து நின்ற தோரணையிலேயே வெல்டர் சங்கிலிக்குச் சந்தேகம் தட்டியது.

"பக்கெட்டு ரெட்டிப்பா அள்ளணும். கனம் கூடக் கூடாது. சாயந்தரத்துக்குள்ள முடிடா!"

"எதை அள்ள, முதலாளி?"

"கடலைத் தொலிதான்!"

கடலை பிடுங்கவே இன்னும் ரெண்டு மாசம் கிடக்கிறது. டயர் இடுக்கிலோ ஆற்று மணல். கனம் கூடக் கூடாது என்ற சாக்கில் சங்கிலி, பக்கெட் விளிம்புக்கு மேலே தகடு வைக்காமல், இரண்டடி உயரத்துக்குக் கம்பிவலையைப் பற்றவைத்துக் கொடுத்தான்.

மறுநாள் ஆற்றிலிருந்து மில் கொல்லை வரை மணல் கோடாகச் சிந்திக் கிடந்தது. மணல் திருடனைத் தேடிக்கொண்டிருந்த தாசில்தார் அந்தக் கோட்டைப் பிடித்தே வந்து இறங்கினார். ஊரும் கூடிவிட்டது.

"ஓட்டைப் பக்கெட்டு செஞ்சு கொடுத்திட்டியேடா!" கூட்டத்தில் நின்ற சங்கிலி மேல் முதலாளி ஆத்திரத்தில் பாய்ந்தார்.

"தொலி அள்ளினா ஒண்ணுகூடச் சிந்தாதே, முதலாளி," என்றான் சங்கிலி. "நீங்க எதை அள்ளினீங்க?"