தொட்டிக்குள் ஒரு பந்தி

கோமதிநாயகத்தின் கை பட்டால் வெறும் வெந்நீரும் ரசமாகிவிடும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கை அப்படி. தலையைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதில்லை. பேச வேண்டிய நேரம் வந்துவிட்டதால் நான் சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் பனையடிப்பட்டியில் செண்பகவல்லி திருமண மண்டபம் என்று ஒன்று இருந்தது. கோமதிநாயகம்தான் அங்கே தலைமைச் சமையல்காரர். அவருக்குக் கீழே மூன்று பேர். அடுப்புக்கு உச்சிமாகாளி, தண்ணீருக்குப் பூதப்பாண்டி, பரிமாறக் கொம்பையா. சுத்த சைவச் சமையல். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெருமை உண்டு. அவர்கள் போட்ட பந்தியில் இதுவரை ஒருத்தரும் பசியோடு எழுந்தது கிடையாது.

மண்டப வாசலில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீரும் ஒரே ஒரு கடல் மீனும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீனுக்கு ராசாத்தி என்று பெயர். முதலாளியம்மா செண்பகவல்லிக்கு அதுதான் உயிர்.

மகள் பிரசவத்துக்குச் சென்னைக்குக் கிளம்பும்போது அம்மா நாலு பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"நான் வாரப்ப ராசாத்தி கிட்ட வந்து என் மூஞ்சியப் பாக்கணும். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் இந்த மண்டபத்துல உங்க அடுப்பு எரியாது. பாத்துக்கிடுங்க."

மற்ற மூன்று பேரும் பயந்தார்கள். உச்சிமாகாளி மட்டும் யோசித்தான். மீனுக்கு ஏதாவது ஆனால் அடுப்பு எரியாது என்றால், அடுப்பு எரியவில்லை என்றால் மீனுக்கு ஏதோ ஆகிவிட்டது. அன்றிலிருந்து அடுப்பு கொஞ்சம் மங்கினாலும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான்.

ஒருநாள் விறகு ஈரம். அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் ராசாத்தி மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

"அண்ணாச்சி! நான் சொல்லல? அடுப்பு பொய் சொல்லாது!"

கோமதிநாயகம் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார். "இது ரவைல்லா? ஏல கொம்பையா, இவளுக்கு உப்புமா போட்டியா?"

"ஒரே ஒரு கரண்டி அண்ணாச்சி. காலம்பற பாவமாப் பாத்தா."

"இல்ல, இது நம்ம ரவை இல்ல. நம்ம உப்புமால ரவை இப்படி முழிச்சிக்கிட்டு நிக்காது. இது எவனோ வேகாம கிண்டுன ரவை."

வேறு யார் வந்து உப்புமா போட்டது என்று விசாரித்தும் தெரியாததால், மீனை விற்ற தூத்துக்குடி கஸ்பாருக்குப் போன் போட்டார்கள்.

"ரவையும் இல்ல, சேமியாவும் இல்ல அண்ணாச்சி. அது ஒட்டுண்ணி. பொடிப் பூச்சி. மீன் மேல ஒட்டிக்கிட்டு அதையே தின்னும். சொல்லுறதக் கவனமாக் கேளுங்க. மொதல்ல மீனை எடுத்து வேற பாத்திரத்துல, புதுசாக் கலந்த உப்புத் தண்ணில, தனியா விடுங்க. காத்து விடுற மோட்டாரு புதுசா ஒண்ணு குடுத்தனுப்புறேன். பெறவு அந்தத் தண்ணில உப்பக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். பழைய தொட்டி அப்படியே கிடக்கட்டும். ரெண்டு மாசம் மீன் இல்லாமக் கிடந்தா, அதுல இருக்கிற பூச்சியெல்லாம் பட்டினி கிடந்து செத்துரும்."

நாலு பேரும் போனைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பாயச அண்டாவைத் தேய்த்துக் கழுவி, உப்புத் தண்ணீர் கலந்து, ராசாத்தியை விட்டார்கள். தனியா என்று சொன்னதால் எல்லோரும் சமையலறையை விட்டு வெளியே வந்தார்கள்.

"உள்ள தனியாத்தான் இருக்காளான்னு பாக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார் கோமதிநாயகம். "பூதப்பாண்டி, நீ போயி நில்லு."

"நான் நின்னா அவ எப்படித் தனியா இருப்பா?"

நியாயமான கேள்வி. கோமதிநாயகம் வெற்றிலை போட்டு முடிக்கும் வரை யோசித்தார்.

"கண்ண மூடிக்கிட்டு நில்லு."

பூதப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு போய், கதவில் ஒரு தடவையும் அண்டாவில் ஒரு தடவையும் இடித்துக்கொண்டு, ராத்திரி வரைக்கும் காவல் நின்றான். அவள் தனியாகத்தான் இருந்ததாகச் சொன்னான்.

மறுநாள் மோட்டார் வந்தது. அதைப் போட்டதும் அண்டாவுக்குள் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், உச்சிமாகாளி கழுவின துவரம்பருப்போடு ஓடி வந்துவிட்டான். கோமதிநாயகம் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"ஏல, உள்ள ராசாத்தி கிடக்கா!"

"ஒல கொதிச்சிட்டுல்லா அண்ணாச்சி!"

"கொதிக்கல. அது காத்து."

"அடுப்பே இல்லாமக் கொதிக்கி, பருப்பும் போடக் கூடாதுன்னா..." என்று அவன் பருப்பை எடுத்துக்கொண்டு போனான். அதற்கு மேல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

உப்பைக் குறைப்பது கோமதிநாயகத்துக்குப் பெரிய வேலையா? எத்தனை சாம்பாரைக் காப்பாற்றியிருக்கிறார். உருளைக்கிழங்கை அவித்து, தோலுரித்து, பாதி பாதியாக அண்டாவில் போட்டார். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தார். உப்புக் கரித்தது. கிழங்கை மாற்றிப் போட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார். மீன் கிடக்கிற தண்ணீர் ஆச்சே என்று பாதியில் ஞாபகம் வரும். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் ருசி பார்ப்பார்.

பூதப்பாண்டிக்கு ஒரு பழக்கம். பந்தி நடக்கும்போது அண்டா குறையக் கூடாது. அண்ணாச்சி ஒரு கரண்டி எடுத்தால் அவன் ஒரு கரண்டி கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடுவான். அவர் எடுக்க, இவன் ஊற்ற, பல நாள் இப்படியே போனது. ஒருநாள் காலையில் கோமதிநாயகம் ருசி பார்த்துவிட்டுக் கண்கலங்கினார்.

"கொறஞ்சிட்டுல! பாதிக்கு மேல கொறஞ்சிட்டு! கெழங்கு கெழங்குதாம்ல!"

ராசாத்தியின் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அண்டாவை வளைய வளையச் சுற்றி வந்தாள். மிச்சம் இருந்த கிழங்குக்கு நாலு பேரும் விழுந்து கும்பிட்டுவிட்டு, அதைப் பொரியல் செய்து சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. வினை வந்தது பழைய தொட்டியில்.

ராசாத்தியை அண்டாவில் விட்ட அன்று ராத்திரியே கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அண்ணாச்சி, தொட்டியில இருக்கிறவுக பட்டினி கிடந்து செத்துருவாங்கன்னாரே, நீங்க கேட்டீயளா?"

"கேட்டேன்."

"நம்ம மண்டபத்துல, நாம இருக்கையில, பட்டினியா?"

நாலு பேரும் தட்டை ஒதுக்கி வைத்தார்கள்.

"கஸ்பாரு நல்ல மனுசன்" என்றார் கோமதிநாயகம். "அதான் முன்னாடியே சொல்லி எச்சரிச்சிருக்காரு. நாமதான் கவனிக்கல. எல போடுல."

"எந்தப் பந்தியில போட? அவுக பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?" என்றான் கொம்பையா.

"ராசாத்தி கூட வந்தவுக. பொண்ணு வீடுதான்."

"கூப்பிடாம வந்து, ஒட்டிக்கிட்டு, ஆளையே அரிச்சுத் தின்னுருக்காவ. எனக்கென்னமோ மாப்பிள்ள வீடாத் தெரியுது."

கோமதிநாயகம் ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுக்குரிய மரியாதையோடு, தொட்டித் தண்ணீரின் மேல் தலைவாழை இலை மிதந்தது. சாதம், பருப்பு, நெய், அவியல், சாம்பார், ரசம், பாயசம். "போதுமா? இன்னும் கொஞ்சம்?" என்று கொம்பையா ஒவ்வொன்றுக்கும் குனிந்து கேட்டான். யாரும் போதும் என்று சொல்லாததால் ஊற்றிக்கொண்டே இருந்தான். தினமும் இரண்டு வேளை இந்த உபசாரம் நடந்தது. தொட்டித் தண்ணீர் முதலில் ரச நிறத்துக்கு வந்தது. பிறகு அடித்த நாற்றத்தில் இரண்டு நிச்சயதார்த்தக்காரர்கள் வேறு மண்டபம் பார்த்துப் போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு முதலாளியம்மா திரும்பினார். கஸ்பாரும் கூட வந்தார். வாசலில் தொட்டியைப் பார்த்து அலறிய அம்மாவிடம் கஸ்பார், ராசாத்தி உள்ளே வேறு பாத்திரத்தில் இருக்கிறாள் என்றார். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

ராசாத்தி பளிச்சென்று மேலே வந்து, அவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து மூடினாள். அம்மா அழுதேவிட்டார்.

"கோமதி! உங்க அடுப்பு என்னைக்கும் இங்கதான்யா எரியும்!"

நாலு பேருக்கும் உயிர் வந்தது. கோமதிநாயகம் கஸ்பாரைக் கேட்டார். "தொட்டியில இருக்கிறவுகல்லாம் சௌக்கியமா?"

"அதுல எதுவும் இல்ல. ரெண்டு மாசமா மீன் இல்லேல்லா. அம்புட்டும் பட்டினியில செத்துட்டு."

கோமதிநாயகம் கரண்டியோடு அவர் முன்னால் வந்து நின்றார்.

"பட்டினியிலயா? தெனமும் எல போட்டமே! பாயசம்லாம் ரெண்டு தடவ விட்டமே!"

"அது பாயசத்த என்ன பண்ணும்? மீனத் தவிர வேற எதையும் தொடாது."



"அசைவம்" என்றான் கொம்பையா, மெதுவாக.

"அசைவம்" என்றான் உச்சிமாகாளி.

கோமதிநாயகம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கரண்டியை அம்மாவின் காலடியில் வைத்தார். "அடுப்பு வேண்டாம்மா. அத்தன பேர எலையில உக்கார வச்சு, என்ன சாப்பிடுவியன்னு ஒரு வார்த்த கேக்காமக் கொன்ன கை இது."

அம்மா சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கஸ்பாரை விட்டுச் சொல்லச் சொன்னார். நாலு பேரும் வாசலில் உட்கார்ந்து அழுதார்களே தவிர எழுந்திருக்கவில்லை. மறுவாரம் பெரிய இடத்துக் கல்யாணம் இருந்தது. கடைசியில் அம்மாவே, "இனிமே யாரு வந்தாலும் மொதல்லயே கேட்டுக்கிட்டாப் போச்சு. எந்திரிங்கய்யா" என்றார். அதைக் கேட்டுத்தான் கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கல்யாணத்தன்று மண்டபம் மணத்தது. கழுவித் துடைத்த தொட்டியில் ராசாத்தி மினுமினுத்தாள். முதல் பந்தியில், முதல் இலையில், பட்டுச்சேலையும் வைரத் தோடுமாக மாப்பிள்ளையின் பெரிய அத்தை உட்கார்ந்திருந்தார். இலையைத் துடைத்துவிட்டுத் தலையைப் பரபரவென்று சொறிந்தார்.

கோமதிநாயகம் அதைப் பார்த்துவிட்டார். பரிமாற வந்த கொம்பையாவைக் கையைக் காட்டி நிறுத்தினார். அத்தையின் முன்னால் போய்க் கைகட்டிக் குனிந்து, மண்டபமே கேட்கும்படிப் பணிவாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க சைவந்தான், தெரியும். உங்க தலையில வந்திருக்கிறவுகளுக்கு என்ன போட?"