சுயம்புலிங்கம் கொண்டுவந்த மூடிகள்

"இந்த மூடியாவது தண்ணி விடாதா, மாஸ்டர்?"

சுயம்புலிங்கம் அதை மணலில் வைத்தார். கறுப்பு ரப்பர், தடித்த விளிம்பு, கப்பலில் வந்த சரக்கு. இதற்கு முன்னால் அவர் கொண்டுவந்ததெல்லாம் கொட்டகை மூலையில் கிடந்தது. திருகுகிற மூடி, வார் போட்டு இறுக்குகிற மூடி, இன்னும் என்னென்னவோ.

பிளசியா அந்தக் கடற்கரையில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மகன் சிவனேசன் அப்படித்தான் கூப்பிட்டான்.

அந்த மகன் இப்போது இல்லை. போன கோடையில், நடுக்கடலில், கயாக்கின் பின்பக்க மூடி கழன்றுபோயிற்று. சாமான் வைக்கிற அறைக்குள் தண்ணீர் ஏறி, கயாக் அமிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட்டோடு அவனையும், பாதி மூழ்கிக் கிடந்த கயாக்கையும் மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். ஒற்றைப் பிள்ளை. பாவி மனுஷன், அதற்குப் பிறகு வாய்விட்டு அழக்கூட இல்லை. மூடி தேட ஆரம்பித்துவிட்டார்.

நல்ல மூடியாகப் போட்டு, அதே கயாக்கில், மகன் போன இடத்துக்குப் போக வேண்டும். அதற்காகவே அவளிடம் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார். அவளோ ஒவ்வொரு மூடியையும் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினாள்.

இன்றைக்கும் அதையே சொல்ல வாயெடுத்தாள்.

"இனிமே தேட மூடி இல்ல மாஸ்டர். நாளைக் காலையில போறேன். நீங்க சரின்னாலும் போறேன், இல்லைன்னாலும் போறேன்."

"திரும்பி வருவீங்களா?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடி நல்லதா இருந்தா வாறேன்."

பிளசியா மூடியை மணலிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சரி. மாட்டுங்க."

கொட்டகை வாசலில் கிடந்த மகனின் கயாக்கில், விளிம்பைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்தி மாட்டினார். குழாய்க் கடைக்காரர் கை. ஊரில் எது ஒழுகினாலும் அவர் கடைக்குத்தான் ஓடிவருவார்கள்.

"வெயில்ல கிடக்கட்டும்" என்றாள்.

இருவரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏற ஏற, மூடி பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. திடீரென்று டப்பென்று ஒரு பக்கம் கழன்றது.

"பாத்தீங்களா! இதுவும் டூப்ளிகேட்டு! நாசமாப் போறவனுக!"

"மறுபடி மாட்டுங்க, அண்ணாச்சி."

மாட்டினார். மறுபடியும் உப்பிற்று.

அது கழலுவதற்குள் பிளசியா ஒரு மெல்லிய ஆணியை எடுத்தாள். உட்காருகிற இடத்துக்குப் பின்னால், சாமான் அறையைப் பிரிக்கும் தடுப்பில், ஓரிடத்தில் குத்தினாள்.

உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. மூடி தானாகவே தணிந்து ஒழுங்காக உட்கார்ந்தது.

"அது என்ன ஓட்டை?"

"செய்யும்போதே வைக்கிறதுதான். குண்டூசி அளவு. வெயில்ல உள்ள இருக்க காத்து சூடாகி விரியும்லா? போறதுக்கு வழி வேணும். வழி இல்லைன்னா மூடியைத் தள்ளிரும்."

அவர் ஆணியின் நுனியைப் பார்த்தார். வெள்ளையாகப் பசைத்தூள் ஒட்டியிருந்தது.

அது குழாய் ஒழுகலை அடைக்க அவர் கடையில் விற்கிற பசை.

மகன் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், டார்ச் அடித்து அடித்துப் பார்த்து அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எம்பிள்ளை போற வண்டியில ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது என்று விரலால் அமுக்கி அடைத்தார். சிவனேசன் சிரித்தான். "இது குழாய் இல்லப்பா. சரி, உங்க திருப்திக்கு அடைச்சுக்கிடுங்க" என்றான்.

சுயம்புலிங்கம் அந்தப் பசைத்தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கயாக்கைக் கரைக்கு இழுத்த அன்னைக்கு."

"ஏன் சொல்லல?"

"நீங்க மூடியத்தானே கேட்டீங்க."

"இன்னைக்கு மட்டும் ஏன்?"

"நாளைக்கு இதே கயாக்குல போறேன்னீங்களே, அண்ணாச்சி."

அலை வந்து போனது. அவர் மூடியின் விளிம்பைத் தடவினார். பிறகு, பிச்சை கேட்கிறவர் குரலில் கேட்டார்.

"அப்ப எதுதான் நல்ல மூடி? அதையாவது சொல்லுங்க, மாஸ்டர்."

பிளசியா கொட்டகைக்குள் போனாள். பரணிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்துவந்து பிரித்தாள். சிவனேசனின் கயாக்கில் அன்றைக்கு இருந்த பழைய மூடி. கழன்ற பிறகும் கயிற்றோடு தொங்கிக்கொண்டே கரைக்கு வந்தது.

கப்பல் மூடியைக் கழற்றிவிட்டு அதை வைத்து அழுத்தினாள். சிக்கென்று உட்கார்ந்தது.

"இதுல ஒரு குத்தமும் இல்ல, அண்ணாச்சி" என்றாள்.