ஓடைக்கரை அணியின் ஒரே குரல்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. இரை தேடுவதுகூட ஆட்டம் முடிந்த பிறகுதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அங்கே ஓடைக்கரை அணி என்று ஓர் அணி இருந்தது. ஆடுவதே அவர்களுக்குத் தொழில். யானையார்தான் அவர்களுக்குத் தீனி போட்டு வளர்த்தார். ஆனால் தோற்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

அந்த அணிக்குக் கோல் காத்தவள் கருமுகி என்ற மந்தி. பந்தாட வேண்டும் என்பதற்காகத் தன் கூட்டத்தையே விட்டு வந்தவள். "கம்பத்தில் தொங்கி நீ என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று அன்று கூட்டம் சிரித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

அணிக்குப் பயிற்சியாளர்கள் இருவர். ஒருவர் உறுமன் என்ற காட்டுப்பன்றி. "ஓடு! முட்டு! மோது!" இதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே வராது. மற்றவர் ஒற்றைக்காலர் என்ற கொக்கு. "நில். பொறு. பந்து தானாக வரும்" என்பார். இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. மைதானத்தின் இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர் என்று நின்று கத்துவார்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. எதிரே செந்நாய்கள்.

"இன்றைக்கும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவேன். அவரவர் வந்த வழியே போய்ச் சேருங்கள்" என்றார் யானையார்.

கருமுகிக்குத் தன் கூட்டத்தின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. எந்த முகத்தோடு அவள் திரும்பிப் போவாள்?

ஆட்டம் தொடங்கியது. வெண்புள்ளி என்ற மானின் காலில் பந்து. எதிரே கோல் திறந்து கிடக்கிறது!

"ஓடு!" என்று கத்தினார் உறுமன்.

"நில்!" என்று கத்தினார் ஒற்றைக்காலர்.

பாவம் வெண்புள்ளி, தூக்கிய காலைக் கீழே வைக்கவும் தெரியாமல் அப்படியே நின்றது. ஒரு செந்நாய் வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டது.

இடைவேளையில் கேட்க வேண்டுமா? பயிற்சியாளர்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கத்தினார்கள். "உம்மால்தான் கெட்டது!" "இல்லை, உம்மால்தான்!" வீரர்கள் தலை குனிந்து நின்றார்கள். கருமுகிக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் குதித்தாள்.

"உறுமன் ஐயா, கிழங்கு தோண்டப் போனால் கண்ட இடத்தில் எல்லாம் முட்டுவீர்களா?"

"நான் என்ன மடையனா? மெதுவாக மோந்து பார்ப்பேன். இடம் தெரிந்த பிறகுதான் முட்டுவேன்."

"கொக்கு ஐயா, மீன் காலடிக்கு வந்த பிறகும் நின்றுகொண்டே இருப்பீர்களா?"

"நின்றால் பட்டினிதான்! ஒரே கொத்து!"

"அப்படியானால் உங்கள் வயிற்றுக்கு ஒரு வித்தை, எங்களுக்கு ஒரு வித்தையா?"

இருவரும் மெல்லத் திரும்பினார்கள். அன்றுதான் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் கம்பத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்து நில்லுங்கள்" என்றாள் கருமுகி. "எதுவரை பொறுப்பது என்று கொக்கு ஐயா சொல்லட்டும். எந்தப் பக்கம் பாய்வது என்று உறுமன் ஐயா சொல்லட்டும். குரல் கொடுப்பது நான். புலி வருகிறது என்று மந்தி கத்தினால் மான் கேட்கிறதே, பந்துக்கு மட்டும் கேட்காதா?"

ஆட்டம் மீண்டும் தொடங்கியது. செந்நாய்கள் மொத்தமாகப் பாய்ந்து வந்தன.

"பொறு... இன்னும் பொறு..." என்று முணுமுணுத்தார் ஒற்றைக்காலர். "நில்!" என்று கத்தினாள் கருமுகி. அணி மொத்தமும் அசையாமல் நின்று வழியை அடைத்தது. செந்நாய்களுக்கு நாக்குத் தள்ளியது. ஒன்று பந்தைத் தவறவிட்டது.

"இப்போது!" என்றார் கொக்கு. "இடப்பக்கம் காலி!" என்றார் பன்றி.

"இடப்பக்கம், ஓடு!" என்று அலறினாள் கருமுகி. வெண்புள்ளி பறந்தது. கோல்!

ஆட்டம் முடியும் நேரம். செந்நாய்த் தலைவன் ஓங்கி உதைத்த பந்து மூலையை நோக்கிச் சீறி வந்தது. கருமுகி உடம்பை நீட்டித் தாவினாள். பந்து அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. எழுந்த வேகத்தில் வலப்பக்கம் வீசினாள். "ஓடு!" இம்முறை வெண்புள்ளிக்கு ஒரு குழப்பமும் இல்லை. இரண்டாவது கோல்! விசிலும் ஒலித்தது.

ஓடைக்கரை அணி வென்றுவிட்டது! யானையார் எல்லார் தலையிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். உறுமனின் முதுகில் ஏறி ஒற்றைக்காலர் ஆடினார். மரத்தின் மேலிருந்து ஒரு கூட்டம் "எங்கள் கருமுகி! எங்கள் கருமுகி!" என்று தொண்டை கிழியக் கத்தியது. அன்று சிரித்த அதே கூட்டம்தான்.

கருமுகி பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

நீதி: பொறுக்கத் தெரிந்தவரும் பாயத் தெரிந்தவரும் ஒரே குரலாகச் சேர்ந்தால், தோற்ற அணியும் வெல்லும்.