பள்ளத்துப் பக்கம் பெரிய சக்கரம்

நரிக்கோம்பை என்ற மலையூரில் ஒரே ஒரு ஜீப் உண்டு. அதற்கு நான்கு முதலாளிகள், ஆளுக்கு ஒரு சக்கரம். மற்றதெல்லாம் ஊர்ப்பொது. ஓட்டுபவர் சடையப்பன். அவருக்குச் சக்கரத்தில் பங்கில்லை, பயத்தில் மட்டும் முழுப்பங்கு.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம். மறுநாள் காலை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் அடிவாரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கியாக வேண்டும். ஜீப்பின் நான்கு டயர்களோ தேய்ந்து வழுக்கையாகிக் கிடந்தன.

முதலாளிகள் ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்தி, ஒரு சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். சடையப்பனும் பின்னாலேயே ஓடினார்.

"எத்தனை ஓட்டை சக்கரம்?" என்று கேட்டார் டயர் கடைக்காரர்.

முன் இடச்சக்கரக்காரர் அம்மையப்பன் உட்கார்ந்து நிதானமாக எண்ணினார். "போல்ட்டுக்கு அஞ்சு, ஆணி குத்தினது ஆறு. ஆக பதினொண்ணுங்க."

"பதினொண்ணுல சக்கரமே கிடையாதுங்க."

"அப்ப அஞ்சு ஓட்டையில ஒண்ணு, ஆறு ஓட்டையில ஒண்ணு குடுங்க. நாங்க சேத்துக்கறோம்."

கடைக்காரர் கும்பிட்டார். "அஞ்சு ஓட்டையே எடுத்துக்குங்க. சின்னது பெருசு எல்லாம் உள்ள இருக்கு. உங்க பாதைக்கு ஏத்ததாப் பாத்து எடுங்க."

சும்மா இருந்தவர்களை அந்தக் கடைசி வார்த்தை கிளப்பிவிட்டது. நால்வரும் கடைவாசலிலேயே பஞ்சாயத்துக் கூடினார்கள்.

"மலை ஏறும்போது என் பக்கம் பள்ளம். எனக்குப் பெரிய சக்கரம் வேணும்" என்றார் அம்மையப்பன்.

"என் பக்கம் மேடு. எனக்குச் சின்னதே போதும்" என்றார் முன் வலச்சக்கரக்காரர் பொன்னுரங்கம். பின்சக்கரக்காரர்கள் இருவரும் அவரவர் பக்கத்தோடு ஒத்துப்போனார்கள்.

"நாலும் ஒரே அளவா இருக்க வேண்டாமுங்களா?" என்று சடையப்பன் மெல்லக் கேட்டார்.

"பாதை ஒரே அளவா இருக்குதா?" என்று பொன்னுரங்கம் திருப்பிக் கேட்டார்.

புதுச் சக்கரங்களை அடிவாரத்துக்கு உருட்டி வந்து, ஜீப்புக்கு இடப்பக்கம் இரண்டும் பெரிதாக, வலப்பக்கம் இரண்டும் சிறிதாக மாட்டி மலை ஏறினார்கள். பானட் மேல் வைத்த சொம்பில் தண்ணீர் தளும்பவில்லை. பெருமை தாங்காமல் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். சடையப்பன் வண்டியை இறக்கத்துக்குத் திருப்பினார். இப்போது பள்ளம் வலப்பக்கம் வந்துவிட்டது, சின்னச் சக்கரமும் அந்தப் பக்கம்தான். ஜீப் அப்படியே பாதாளத்தை எட்டிப் பார்த்தது. சடையப்பன் பிரேக்கை அழுத்தி மிதித்தார். பெற்ற மகளை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டியா இது?

மறுபடி பஞ்சாயத்து. மலையை இடம் மாற்ற முடியாது என்று அரைமணி நேரத்தில் முடிவானது.

"ஏறும்போது சரியா இருந்துச்சில்ல? ஏறுற மாதிரியே நிறுத்தி, பின்னாலேயே இறக்கிட்டாப் போச்சு" என்றார் அம்மையப்பன். இவ்வளவு எளிதான யோசனை தமக்குத் தோன்றவில்லையே என்று மற்ற மூவரும் வருந்தினார்கள்.

சடையப்பன் கழுத்தைத் திருகிக்கொண்டு நாலு மைல் ரிவர்ஸில் இறக்கினார். முன்சீட்டில் செங்கமலம் ஊரைப் பார்த்தபடியே கையசைத்தாள். ஊரும் விடாமல் அசைத்தது. பாதி வழியில் இரு தரப்பாருக்கும் தோள் வலித்தது.

பத்து இருபதுக்கு ஜீப் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றது. ஆரத்தித் தட்டோடு காத்திருந்த மாமியார் பார்த்தார். வண்டியின் முகம் மலைப்பக்கம், மருமகளின் முகமும் மலைப்பக்கம், கை வேறு அசைந்துகொண்டிருந்தது.

"ஐயோ, வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கல, அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாளே" என்று தட்டைக் கீழே வைத்து அழுதார்.

சடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அழாதீங்க சம்பந்தியம்மா. ஊருக்குப் போனதும் நான் புத்திமதி சொல்லி, நாளைக்கே கூட்டிட்டு வந்து விட்டுர்றேன்" என்று சொல்லி, முதல் கியரைப் போட்டு மலை ஏறினார்.

பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளையும் அம்மாவுக்குக் கையசைத்து, "நீ கவலைப்படாதம்மா, நானும் கூடப் போய்ப் பேசிப் பாக்கறேன்" என்றார்.